பஸ் ஒரு மணி நேரம் ஊருக்குள் நிற்கட்டும், அய்யா

கப்பல் சுற்றுலாவை நடத்துகிற, அதற்கு அனுமதி கொடுக்கிற, அன்றைக்கு எங்கள் கடைகளை எடுக்கச் சொன்ன எல்லா அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். போன மாதம் வெளிநாட்டுப் பயணிகளோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டுப் போன சுற்றுலாக் கப்பலைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேதான் நின்றீர்கள், சிலபேர் கையில் மாலையோடு நின்றீர்கள், அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. எந்த ஆபீஸ், எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லவும் போவதில்லை. சொன்னால் ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுவார், மடல் அதோடு நின்றுபோகும். கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த தடவை கப்பல் வரும்போது பயணிகளை ஏற்றி வருகிற பஸ் தூத்துக்குடி ஊருக்குள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றது என்பது உங்கள் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கும். காலையில் கிளம்பிய பஸ்கள் பைபாஸில் ஏறி நேரே திருநெல்வேலி போயின. நெல்லையப்பர் கோயில், அப்புறம் ஏதோ பெரிய ஹோட்டலில் சாப்பாடு, சாயங்காலம் திரும்புகிற வழியில் பனிமய மாதா கோயில் முன்னால் போட்டோ எடுக்கப் பத்து நிமிஷம். தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தவர்கள் தூத்துக்குடியைப் பார்த்தது அந்தப் பத்து நிமிஷம்தான். அதற்காக முந்தின நாளே பீச் ரோட்டில் தள்ளுவண்டி நிற்கக்கூடாது, தரையில் சாக்கு விரிக்கக்கூடாது, சுண்டல் கூடை கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தர் பாதுகாப்பு என்றார், அவருக்குப் பின்னால் வந்தவர் அழகுபடுத்துகிறோம் என்றார். இரண்டில் எது என்று முடிவாகச் சொல்லியிருந்தால் நாங்களும் அதற்குத் தக்கபடி நடந்திருப்போம். பாதுகாப்பு என்றால் பையைத் திறந்து காட்டியிருப்போம், அழகு என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருப்போம்.

துறைமுகத்துக்குள்ளே விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2004 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கக் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் பாதுகாப்பு விதிகள் இறுகிவிட்டன, பாஸ் இல்லாமல் ஒரு ஈ காக்கா உள்ளே போக முடியாது, அது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்பது துறைமுக வாசலுக்கு வெளியே, ஊருக்குள்ளே, நாங்கள் தினமும் நிற்கிற பொதுச் சாலையில்.

ஒரு மணி நேரத்தில் என்ன பெரிதாக விற்றுவிடப் போகிறாய் என்று உங்களில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த அய்யாவுக்காகச் சொல்கிறேன். கப்பலில் வருகிறவருக்குத் தங்க அறை கப்பலிலேயே இருக்கிறது, காலைச் சாப்பாடும் ராச்சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். ஊர் சுற்றுகிற பஸ்ஸுக்கான பணத்தையும் கப்பலுக்குள்ளேயே வாங்கிவிடுகிறார்கள், அதில் கப்பல் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கரையில் இருக்கிற ஏற்பாட்டாளருக்குக் கொடுக்கிறது. சரி, தனியாக ஒரு ஆட்டோ பிடித்து ஊரைப் பார்க்கலாமே என்று ஒருத்தர் நினைத்தால், கப்பல் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார்கள். தெரியாத ஊரில் யார் துணிவார்? ஆக, அவர்கள் கையில் இருக்கிற காசு எங்கள் ஊருக்குள் விழுவதற்கு இருக்கிற ஒரே வழி, அந்த பஸ்ஸின் கதவு திறந்திருக்கிற நேரம்தான். அதைத்தான் பத்து நிமிஷமாக்கி, குறுக்கே கயிறும் கட்டினீர்கள்.

அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உடன்குடிப் பக்கத்து ஆச்சி. என் கடைக்கு ஓலைப்பெட்டி போடுகிறவர்களில் ஒருத்தி. பனங்குருத்தை வாங்கி, ஈர்க்கை நீக்கி, வெயிலில் காயவைத்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுத்து, மறுபடி உலர்த்தி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, அப்புறம்தான் முடைய உட்கார வேண்டும். ஓலை ரொம்பக் காய்ந்துவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடிந்துபோகும், அதனால் ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருப்பாள். மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டியில் மூடியும் பெட்டியும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும், ஒரு விரலால் தூக்கினால் திறக்கவும் வேண்டும். அந்த அளவு கைக்கு வருவதற்கு வருஷக்கணக்காகும். ஆச்சியின் வலது கட்டைவிரலில் நகத்துக்குப் பக்கத்தில் வெடிப்பு ஆறியதே கிடையாது, சாயம் அதற்குள் போய் உட்கார்ந்து பச்சையும் ஊதாவுமாக இருக்கும்.

கப்பல் வருகிறது என்று பேப்பரில் படத்தோடு போட்டிருந்தார்கள். ஆச்சி மகளிர் குழுவில் கடன் எடுத்து ஓலை வாங்கினாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு முடைந்தாள். அன்றைக்குச் சாக்குமூட்டையோடு பஸ் ஏறி அவளே வந்துவிட்டாள், நான் வரச் சொல்லவில்லை. "வாங்குனாலும் வாங்காட்டாலும், நம்ம பெட்டிய அவுக கையில எடுத்துப் பாக்கறத நான் பாக்கணும்லா" என்றாள்.

பார்த்தாள். வயசான ஒரு வெள்ளைக்கார அம்மா கயிற்றுப் பக்கம் வந்து, ஆச்சி நீட்டிய பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், சிரித்தார், கைப்பையில் கையை விட்டார். அதற்குள் உங்கள் கொடி பிடித்த பையன் ஓடி வந்து நேரமாகிவிட்டது, பஸ் கிளம்புகிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துத் தமிழில் "தள்ளுங்க, தள்ளுங்க" என்றான். அந்த அம்மா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்குக் கொடுத்த நேரமே பத்து நிமிஷம். "நேரத்த குடுத்தவங்கள கேளுல, அவன் என்ன செய்வான்" என்று ஆச்சியே சொன்னாள். அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடையில் ஒன்று 200 ரூபாய்க்குப் போகிற பெட்டி அது. மூட்டையோடு மொத்த வியாபாரிக்கு 70 ரூபாய் வீதம் தள்ளிவிட்டாள், ஏனென்றால் குழுக்கடனுக்கு வாரத் தவணை செவ்வாய்க்கிழமை. நானும் அத்தனையையும் எடுத்துக்கொள்கிற நிலையில் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி இந்த மாவட்டமே தண்ணீரில் கிடந்ததே, அப்போது நனைந்துபோன சரக்குக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓலையில் பூஞ்சை பிடித்தால் தூக்கித்தான் போட வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. பஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுத்தீர்கள், வரவேற்புப் பரிசாம். உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. தஞ்சாவூர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பொம்மை. ஆனால் பத்தமடைப் பாய் இருக்கிற, உடன்குடிக் கருப்பட்டி இருக்கிற, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிற, முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரியையும் அடித்து மக்ரூன் சுடுகிற இந்தப் பக்கத்தில் இறங்கியவருக்குக் கொடுக்க உங்களுக்குக் கிடைத்தது அதுதானா? தலையாட்டத்தான் வேண்டும் என்றால் நாங்களே இருக்கிறோமே, நீங்கள் சொன்னதற்கெல்லாம் ஆட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்.

இந்த ஊர் மேடையில் ஏறுகிற யாரும் வ.உ.சி. பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை, அன்றைக்கும் சொன்னீர்கள். 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கூடவே ஒரு குடையும் கொடுத்தது என்று எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். குடை கொடுத்தால் சுதேசி டிக்கெட் வாங்கமாட்டான் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள். பை கொடுத்தால் ஆச்சியிடம் பெட்டி வாங்கமாட்டான் என்று இன்றைக்கு நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. யோசிக்காமல் செய்தாலும் எங்களுக்கு விழுகிற அடி ஒன்றுதான்.

நாங்கள் கப்பலுக்கு எதிரி இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெனிஸில் பெரிய கப்பல்கள் ஊருக்கு நடுவே வரக்கூடாது என்று 2021-ல் தடை போட்டார்கள், அலாஸ்காவில் ஜூனோ என்கிற ஊரில் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2024-லிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டம் தாங்கவில்லை. எங்கள் நிலைமை அப்படியா? எப்போதாவது ஒரு கப்பல் எட்டிப் பார்க்கிறது, அதுவும் எங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. 2011 ஜூனில் கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் விட்டபோது ஊரே சந்தோஷப்பட்டது. அது பெரிய சுற்றுலாக் கப்பல் இல்லை, சாதாரணப் பயணிகள் கப்பல்தான், ஆனால் வந்தவர்கள் ஊருக்குள் நடந்தார்கள், டீ குடித்தார்கள், துணி எடுத்தார்கள், பேரம் பேசினார்கள். நவம்பரில் நின்றுபோனது. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி பீச் ரோட்டு அண்ணாச்சிமார் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு கப்பல் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டமே அறிவித்து, 2029-க்குள் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவோம் என்றது. நல்லது, ஆகட்டும். ஆனால் பஸ் நிற்காத ஊரில் இரட்டிப்பானால் எங்களுக்கு என்ன வரும்? சைபரை இரண்டால் பெருக்கினால் என்ன வரும் என்று ஆச்சியைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள், அவள் மூன்றாம் வகுப்புத்தான்.

அப்புறம் அந்த பஸ்கள் வந்த ரோடு. எத்தனை மழைக்காலமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்தது, எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை பேர் பைக்கோடு விழுந்தார்கள். கப்பல் வருகிறது என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு வேறு. தெருவிளக்கு எரிகிறது. கொசு மருந்து அடிக்கிறார்கள். குடிதண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு நிற்பதை அந்த வெள்ளைக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்றால் அதற்கும் ஒரு வழி பிறந்திருக்குமோ என்னவோ. இனிமேல் ஊரில் எது கெட்டுப்போனாலும் மனு எழுத வேண்டாம், கப்பலுக்குக் கடிதம் போட்டால் போதும் என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். லாரி விடுகிற புகை, நிலக்கரித் தூசி, சாக்கடை என்று ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். உங்களில் பலபேர் நல்லவர்கள், அன்றைக்கு வெயிலில் எங்களோடு நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்த ஒரு அம்மாவை மறக்கமாட்டோம். மரியாதையாகவே கேட்கிறேன். பஸ் ஒரு மணி நேரம் ஊருக்குள் நிற்கட்டும். திருநெல்வேலி போகட்டும், மணப்பாடு போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், திரும்பும்போது பனிமய மாதா கோயில் பக்கம் நிறுத்தி, கயிறு கட்டாமல், அவர்களைக் காலாற நடக்க விடுங்கள். கோயிலையும் நிதானமாகப் பார்ப்பார்கள், 1713-ல் கட்டியது, பத்து நிமிஷத்தில் பார்க்கிற கோயிலா அது?

எங்கள் பக்கத்தில் என்ன வேண்டுமென்று சொல்லுங்கள், செய்கிறோம். வரிசையாக மேசை போடச் சொன்னால் போடுகிறோம், அடையாள அட்டை கேட்டால் வாங்கிக்கொள்கிறோம், விலையை எழுதி ஒட்டச் சொன்னால் ஒட்டுகிறோம், யாரும் பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. மக்ரூன் கடைக்காரர் ஒருத்தர் ருசி பார்க்க இலவசமாகவே கொடுக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். டாலரை எப்படி மாற்றுவது என்று எங்களுக்குத் தெரியாது, அதற்கு மட்டும் ஒரு பேங்க்காரரை உட்கார வைத்தால் உதவியாக இருக்கும்.

அடுத்த கப்பல் எந்தத் தேதி என்பது உங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் கப்பல் கம்பெனிகள் அப்படித்தான் டிக்கெட் விற்கின்றன. அந்தத் தேதியையும், பஸ் ஒரு மணி நேரம் நிற்குமா நிற்காதா என்பதையும் சேர்த்து எங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். நிற்காது என்றாலும் சொல்லிவிடுங்கள். ஆச்சி ஓலைக்கு முன்பணம் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பீச் ரோட்டில் ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் விற்கிற ஒருவன்,
தூத்துக்குடி