கேம் பெட்டிகளுக்குத் தனி நெட்வொர்க்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே பெரியவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. பரணில் கிடந்த பிஎஸ்5 கேம் பெட்டி கீழே இறங்கியாயிற்று.

நீயும் கேம் பெட்டிகளுக்குத் தனி நெட்வொர்க் போடப்போவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் போடு. கேமுக்கு யுபிஎன்பி தேவைப்படுகிறது. எந்தப் பெட்டி கேட்டாலும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரௌட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடும் சமாச்சாரம் அது. என் மனைவியின் ஆபீஸ் லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கில் அதை விட எனக்கு மனசில்லை. அதனால் வீட்டுக்கு 192.168.1, கேமுக்கு 192.168.20 என்று தொடங்கும் முகவரிகளாகப் பிரித்து, வி-லேன் (ஒரே கருவிக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) எண்ணும் 20 என்றே வைத்தேன்.

முடிக்க மூன்று இரவு ஆனது. முதல் இரவு, பிஎஸ்5-க்கு 192.168.1-இல்தான் முகவரி வந்துகொண்டிருந்தது. கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சில் பிஎஸ்5 செருகிய போர்ட்டை (துளையை) வி-லேன் 20-இல் சேர்த்திருந்தேன், ஆனால் பிவிஐடி 1 என்றே இருந்தது, பழைய வி-லேனிலிருந்தும் போர்ட்டை எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து உள்ளே வருவது எந்த வி-லேனுக்குப் போக வேண்டும் என்பதை பிவிஐடிதான் தீர்மானிக்கிறது. இரண்டையும் மாற்று.

மறுநாள் முகவரி சரியாக வந்தது, இன்டர்நெட் மட்டும் இல்லை. கேம் பெட்டி காரணம் சொல்லாது. அதே கேபிளை லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனது, தளத்தின் பெயர் கொடுத்தால் போகவில்லை. புது நெட்வொர்க்கிலிருந்து ரௌட்டரைத் தொடவே கூடாது என்று ரௌட்டரின் தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் எழுதிவிட்டு, முகவரி கொடுக்கும் டிஎச்சிபிக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தேன். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு 53-ஆம் போர்ட்டையும் திறந்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் வந்ததுதான் பெரிய தலைவலி. பிஎஸ்5-இல் டெஸ்ட் பண்ணினால் நேட் டைப் 3. நேட் என்பது பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பங்குபோட ரௌட்டர் செய்யும் முகவரி மாற்றம், டைப் 3 இருப்பதிலேயே கெடுபிடியானது. விளையாட முடிகிறது, ஆனால் நண்பன் பேசுவது இவனுக்குக் கேட்கவில்லை. யுபிஎன்பி, ரௌட்டரைத் தேட 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் போகும்) முகவரிக்கு, 1900-ஆம் போர்ட்டில் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகாது. என் ரௌட்டரில் அந்தச் சேவை வீட்டு நெட்வொர்க்கில் மட்டும்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே நிறுத்தி, கேம் பக்கம் மட்டும் ஓடவிட்டேன். அதற்கான ஃபயர்வால் விலக்கும் கொடுத்தேன். போர்ட் திறந்ததாக ரௌட்டர் காட்டியது. டைப் மட்டும் மாறவில்லை.

கடைசியில் ரௌட்டரின் வான் முகவரியை, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரியை, பார்த்தேன். 192.168.0.2! ஃபைபர் கம்பெனி வைத்துவிட்டுப் போன பெட்டியே ஒரு நேட் போட்டுக்கொண்டிருந்தது. என் ரௌட்டர் திறந்த கதவுக்கு வெளியே இன்னொரு மூடிய கதவு. அந்தப் பெட்டியை, நேட் போடாமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போடவைத்து, லாகின் விவரத்தை என் ரௌட்டரில் கொடுத்தேன். டைப் 2 வந்தது.

அதனால் நீ எதைத் தொடும் முன்பும் முதலில் வான் முகவரியைப் பார். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் முன்னால் இன்னொரு நேட் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் கம்பெனியே பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்குபோடுகிறது. அப்போது ஸ்விட்சை எவ்வளவு நோண்டினாலும் ஐபிவி4-இல் (இந்த நான்கு எண் முகவரி முறையில்) வெளியிலிருந்து கதவு திறக்காது. பொது முகவரி தரமுடியுமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வீட்டிலிருந்து கேம் பக்கம் போக அனுமதி கொடு, அங்கிருந்து இங்கே வரவேண்டாம். போனிலிருந்து பிஎஸ்5 தானாகக் கண்ணில் படாது. தேவைப்படும்போது போனை கேம் வைஃபைக்கு மாற்றிக்கொள்கிறோம்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு, ரௌட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு. அந்த முகவரியின் முதல் இரண்டு எண்ணைச் சொன்னால் போதும், எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்