போர்ட்டோநோவோ எங்கே இருக்கிறது, ஐயா?

சான்றிதழ் வழங்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன வாரம் தாத்தாவின் பழைய கிரயப் பத்திரத்தோடு ஒரு கவுன்ட்டரில் நின்றேன். அதில் ஊர்ப்பெயர் போர்ட்டோநோவோ, அதாவது கடலூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பரங்கிப்பேட்டையின் பழைய பெயர். அங்கிருந்த தம்பி, நல்ல பிள்ளைதான், கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுத் தலைநகரம். வெளிநாட்டுப் பத்திரம்னா தூதரக முத்திரை வேணுமே" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, இதே வேலைக்கு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வரும்வரை.

பரங்கிப்பேட்டையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. போர்ச்சுக்கீசியர் புதிய துறைமுகம் என்று பொருள்பட போர்ட்டோநோவோ என்றார்கள். முஸ்லிம்கள் மஹ்மூத் பந்தர் என்றார்கள், பந்தர் என்றாலும் துறைமுகம்தான். நம்மாட்களோ வந்திறங்கிய பரங்கியரை, அதாவது ஐரோப்பியரைப் பார்த்தே பரங்கிப்பேட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் டச்சுக்காரர், ஆங்கிலேயர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலி இங்கே ஆங்கிலேயரோடு மோதிய போரும், பின்னால் ஹீத் என்ற ஆங்கிலேயத் துரை நடத்திய இரும்பாலையும் போர்ட்டோநோவோ என்றுதான் பதிவாகியிருக்கின்றன. துரைமார் எல்லாம் போய்விட்டார்கள். மரக்காயரும் மீனவரும் மற்றவர்களும் இங்கேயேதான் இருக்கிறோம், ஆனால் எங்கள் ஊர் எங்கள் ஊர்தான் என்று நோட்டரியிடம் காசு கொடுத்து நாங்கள்தான் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தால், ஊர்ப்பெயரில் ஆதாரில் ‘ர’ (பரங்கி), ரேஷன் கார்டில் ‘ற’ (பறங்கி), எது சரி என்று கேள்வி வருகிறது. பலகைக்குப் பலகை மாற்றி எழுதி வைத்தது நாங்களா?

கேட்பது ஒன்றே ஒன்று. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஊரைக் குறிக்கும் என்று ஒரு பக்கத்தில் அறிவிப்பு போட்டு, எல்லாக் கவுன்ட்டருக்கும் அனுப்புங்கள்.

2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாளிலேயே திரும்பப் போனது. அவ்வளவு வேகம் உங்களால் முடியும்போது ஒரு பக்கம் பெரிய வேலையா? சரி, கோபத்தில் பேசிவிட்டேன், மன்னிக்கவும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தயவுசெய்து போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் அதே பத்திரத்தோடு மறுபடியும் வருகிறேன்.

இப்படிக்கு,
பரங்கிப்பேட்டைக்காரன்
(‘ற’ போட்டு எழுதிக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை)