ஃபார்மட்டுக்கு முன் நகல் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் திருவாரூர்ப் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும், வரும். கணினி எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க்கின் கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கு, சிதையலாம். எங்கள் தெரு நாகஸ்வரக் கலைஞர் வீட்டில், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு 'டி' டிரைவ் திறக்கவில்லை. பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்யுங்கள், அதாவது பழையதை விட்டுவிட்டு டிரைவைப் புதிதாகத் தயார் செய்யுங்கள், என்றது விண்டோஸ். கடைக்காரரும் "எல்லாம் போய்விட்டது, ஃபார்மட் செய்து தருகிறேன்" என்றாராம். அதில் இருந்தவை இவருடைய அப்பாவின் கச்சேரிகள். மூலக் கேசட்டுகள் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டன. மனம் ஒப்பாமல் கணினியை என்னிடம் கொண்டுவந்தார்.

அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான் உறுதியாகச் சொல்கிறேன்: அந்த அறிவிப்பு வந்துவிட்டதாலேயே கோப்புகள் அழிந்துவிட்டன என்று முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் கோப்புப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 'பூட் செக்டர்' என்ற சிறு துண்டைப் படிக்க முடியாமல் போயிருக்கும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அந்த செக்டருக்கு ஒரு நகல் பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் அந்த டிரைவுக்கு ஒதுக்கிய பகுதியின்) கடைசியில் இருக்கிறது.

முதலில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்த்தேன். படிக்க முடியாத செக்டர்கள் சில இருந்தன. இந்த நிலையில் பலரும் உடனே 'செக்டிஸ்க்' ஓட்டுகிறார்கள். அது கோப்பு முறைமையின் கட்டமைப்பைச் சரிசெய்யும் கருவி. நம் பாட்டையும் படத்தையும் காப்பது அதன் வேலையல்ல. பொருந்தாத பதிவுகளை அது நீக்கிவிடும். மிஞ்சிய துண்டுகளைப் பெயர் தெரியாதபடி 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் போட்டுவிடும். பழுதான டிஸ்க்கில் மோசமான செக்டர்களைத் தேடச் சொல்லி ஓட்டினால் மிச்ச உயிரும் போகலாம்.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் உள்ள என் கணினியில் இணைத்து, 'டிடிரெஸ்க்யூ' மூலம் புதிய டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்தேன். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் மென்பொருள் அது. இரவு முழுவதும் ஓடியது. பிறகு அந்த நகலின் மேல்தான் 'டெஸ்ட்டிஸ்க்' கொண்டு பூட் செக்டரை மீட்டேன். ஃபோல்டர்கள் பழைய பெயர்களோடு அப்படியே வந்தன. ஒரு தோடி ஆலாபனையில் மட்டும் நடுவில் கொஞ்சம் இல்லை. இரண்டு மென்பொருள்களும் இலவசம். செலவு புதிய டிஸ்க் ஒன்றுதான்.

கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: ஃபார்மட் செய்யும் முன் "உள்ளே வேறெங்கும் நகல் இல்லாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். வாடிக்கையாளரின் சம்மதத்தை ரசீதில் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நுகர்வோர் அமைப்புகள் இதை எல்லாக் கடைகளிலும் நடைமுறைக்குக் கொண்டுவர முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற கணினி ஆசிரியை,
திருவாரூர்.