அரசு வட்ட மருத்துவமனையில் இரவு பகலாக இதய, ரத்தக்குழாய் சிகிச்சை வசதி கோரும் மனு

அனுப்புநர்
வட்டத் தலைநகரிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஈசிஜி நுட்புநர்கள், இதய நோயாளிகளின் குடும்பத்தார்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

நகல்
இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்

பொருள்: வட்ட மருத்துவமனையில் மாரடைப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு, செயற்கை வால்வு நோயாளிகளுக்கான சிகிச்சையை முறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வட்ட மருத்துவமனைக்கு கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் விட்டுப் பார்த்து நீக்கும் கூடம்) வேண்டும் என்று இந்த மனுவில் கேட்கவில்லை. அதை நடத்த ஆளும் பணமும் ஒரு வட்டத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது எங்களுக்கே தெரியும். ஈசிஜி எந்திரம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, தாறுமாறான இதயத் துடிப்பை மின்னதிர்வால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் ஆகிய மூன்றும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் ஒரே இரவில், ஒரே அறையில், மூன்றும் வேலை செய்யும் நிலையில் இருப்பதில்லை. முதலில் அதைச் சரிசெய்து தருமாறு கேட்கிறோம்.

இதயத்தின் ரத்தக்குழாய் முழுதாக அடைபட்ட மாரடைப்பில், நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் அடைப்பை விரித்தல்) செய்ய முடியாது என்றால், 30 நிமிடத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்களுக்கு 70 கிலோமீட்டர். வண்டி வந்து, நோயாளியை ஏற்றி, அங்கே போய்ச் சேர்ந்து, நள்ளிரவில் கேத் லேப் குழுவை வரவழைப்பதற்குள் 120 நிமிடம் தாண்டிவிடும். ஊசியை இங்கேயே போட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராமுக்கு அங்கே அனுப்புவதுதான் எங்கள் ஊருக்குப் பொருந்தும் முறை. தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்த முறை இது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து 2012 முதல் 2014 வரை இங்கே நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். மாநில அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்திலும் மாரடைப்பு ஒரு பிரிவாக இருக்கிறது. ஆகவே புதிதாகத் திட்டம் வகுக்க வேண்டிய தேவையில்லை.

முதல் ஓட்டை ஈசிஜியில். நுட்புநர் மாலையோடு போய்விடுகிறார். இரவில் எந்திரத்தை யார் இயக்குவது என்று எழுத்தில் எந்த உத்தரவும் இல்லாததால், பணிச்சுமையைப் பொறுத்து யாரோ ஒருவர் எடுக்கிறார். மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சு முழுக்க வியர்த்திருக்கும். துடைக்காமல் ரப்பர் குமிழை ஒட்டினால் வழுக்கி விழும். கோடு மேலும் கீழும் அலையும். வலது கை, இடது கை ஒயர்கள் மாறினால் முதல் லீட் (இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் ஈசிஜி கோடு) தலைகீழாகிவிடும். மார்பில் ஒட்டும் வி1, வி2 முனைகள் இரண்டையும் நான்காம் விலா இடைவெளியில் வைக்காமல் கழுத்தெலும்புக்குக் கீழே வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இல்லாத மாரடைப்பு அதில் தெரியும், இருப்பது மறையவும் கூடும். அடிப்பக்க மாரடைப்பு என்று தெரிந்ததும் வலப்பக்க மார்பில் வி4 ஆர் என்ற லீடை எடுக்காமல் நாக்கடியில் ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைத்தால், வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். "ஈசிஜி நார்மல், கேஸ் டிரபிள்தான்" என்று வாயுவுக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. இதயத்தசைச் சேதத்தை ரத்தத்தில் காட்டும் ட்ரோபோனின் அட்டைச் சோதனையும் முதல் சில மணி நேரத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். அது இல்லை என்று வந்தால் நோயும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; ஈசிஜியில் அடைப்பு தெளிவாகத் தெரியும்போது அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

எனவே இரவுப் பணியில் உள்ள செவிலியர் ஒருவருக்கு ஈசிஜி பொறுப்பைப் பெயர் குறித்து ஒதுக்க வேண்டும். ஒட்டும் எலக்ட்ரோடுகள், சவர பிளேடு, துடைக்கும் துணி, இரண்டு சுருள் தாள் ஆகியவை எந்திரத்தோடு அதே தள்ளுவண்டியில் இருக்க வேண்டும். படத்தை மருத்துவக் கல்லூரியின் இதயநோய்ப் பிரிவுக்கு அனுப்பிக் கருத்துப் பெற ஒரு கைபேசியும், அந்தப் பக்கம் எடுத்துப் பேச ஒரு பணி மருத்துவரும் தேவை. இப்போது மடங்கிய தாளில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட படம் வாட்ஸ்அப்பில் போகிறது. பார்ப்பவருக்கு நடுவிலுள்ள நான்கு லீட் தெரிவதில்லை. தாளைத் தட்டையாக விரித்து ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லச் செலவே கிடையாது.

அடுத்தது கட்டியைக் கரைக்கும் ஊசி. அது பிரதான மருந்துக் கிடங்கின் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. சாவி மருந்தாளுநரின் வீட்டில் இருக்கிறது. அவசரப் பிரிவிலேயே எப்போதும் குறைந்தது 2 டோஸ் இருக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். ஒன்றை எடுத்த மறுநாளே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து நிரப்ப இன்டென்ட் (தேவைச் சீட்டு) போக வேண்டும். அந்த ஊசி ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து என்றால் 15 லட்சம் யூனிட்டை 100 மில்லி சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடம் ஏற்ற வேண்டும். குப்பியைக் குலுக்கினால் நுரைக்கும்; உள்ளங்கையில் மெதுவாக உருட்ட வேண்டும். ஏற்றும்போது ரத்த அழுத்தம் குறைவது வழக்கம்தான். சொட்டைக் குறைத்து, காலை உயர்த்தி, தேவைக்கேற்ப சலைன் கொடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிட்டால் அரை டோஸ் வீணாகும், அடைப்பும் கரையாது. ஒருமுறை போட்டவருக்கு உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும் என்பதால் இதை மறுபடி போட முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காகவாவது டெனெக்டெப்ளேஸ் என்ற மாற்று ஊசி இருப்பில் வேண்டும். விலை பல மடங்கு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரே தள்ளில் போட்டு முடித்துவிடலாம். 60 கிலோவுக்குக் கீழ் 30 மில்லிகிராம், ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 மில்லிகிராம் கூட்டி, அதிகபட்சம் 50. 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி. டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஓடும் லைனில் போட்டால் திரிந்துவிடும். முன்னும் பின்னும் சலைன் விட வேண்டும். இந்த எடை அட்டவணையையும், ஊசி போடக் கூடாதவர்களின் பட்டியலையும் (மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டவர், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சையோ பக்கவாதமோ ஆனவர், உள் ரத்தப்போக்கு உள்ளவர்) மருந்து அலமாரிக் கதவில் ஒட்ட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸ் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரை கொடுத்த நேரம் சீட்டில் இல்லாமல் இங்கே வருகிறார்கள். கொடுத்தார்களா என்று தெரியாமல் இரண்டாம் முறை கொடுப்பதும், கொடுத்திருப்பார்கள் என்று விட்டுவிடுவதும் இதனால்தான்.

கட்டி கரையும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாவது உண்டு. டிஃபிப்ரிலேட்டர் படுக்கை ஓரத்தில் இருந்தாக வேண்டும். பிரசவ வார்டிலோ அறுவை அரங்கிலோ இருந்து பயனில்லை. தினமும் காலையில் சோதனை மின்னதிர்வு கொடுத்து, பேட்டரி அளவைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். பிளக்கைக் கழற்றி ஃபேன் மாட்டுவதால்தான் பேட்டரி செத்துப்போகிறது. அதற்கென்று தனி மின்சாக்கெட் ஒன்று போதும். ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் எடுக்கும் ஈசிஜியில் எஸ்டி உயரம் (அடைப்பைக் காட்டும் கோட்டின் மேடு) பாதியாகக் குறையவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் 108 வண்டியில் மானிட்டர் ஓட வேண்டும். மூல ஈசிஜி, மருந்தின் பெயர், அளவு, போட்ட மணி ஆகியவை சீட்டோடு போக வேண்டும்.

கால் ரத்தக்குழாய் நோய்க்கு இங்கே எந்த ஏற்பாடும் இல்லை. சர்க்கரைக்காரர்களின் கால் ரணத்துக்குத் தினம் கட்டுப் போடுகிறார்கள், ரத்தம் போகிறதா என்று பார்ப்பதில்லை. ரத்தம் போகாத காலில் எந்தக் கட்டும் ஆறாது. ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கை டாப்ளர் ஒன்று, ரத்த அழுத்தப் பட்டை, பாத உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழை இருந்தால் பரிசோதனை நடத்திவிடலாம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழ் வந்தால் அடைப்பு. 1.4க்கு மேல் வந்தால் குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டித்துவிட்டது என்று பொருள்; அந்த எண்ணை நம்பக் கூடாது. வாரம் ஒரு நாள், புதன்கிழமை என்று வைத்துக்கொண்டாலும் சரி, இதற்கென வெளிநோயாளிப் பிரிவு வேண்டும். திடீரென்று கால் ஜில்லிட்டு, வெளுத்து, வலியெடுத்தால் கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம். நரம்பு இழுப்பு என்று தைலம் தேய்ப்பதில் அது போய்விடுகிறது. இவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5000 யூனிட் போட்டு உடனே அனுப்பும் நடைமுறையும் எழுத்தில் வேண்டும்.

செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) பார்க்க மட்டும் ஒரு நாள் கூலியை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள். ஆய்வகத்தில் அதை அளக்கும் கோயாகுலோமீட்டர் வைத்தால் இங்கேயே பார்க்கலாம். நீல மூடிக் குழாயில் உறைவதைத் தடுக்கும் 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், கோடு வரை இருக்க வேண்டும். குறைவாக எடுத்தால் ஐஎன்ஆர் பொய்யாக ஏறிக் காட்டும், மருத்துவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைப்பார், வால்வில் கட்டி பிடிக்கும். எனவே எந்திரத்தோடு பயிற்சியும் சேர்த்தே கேட்கிறோம்.

தாங்கள் ஆய்வுக்கு வருவதாக இருந்தால், முன்கூட்டிச் சொல்லாமல், இரவு 11 மணிக்கு மேல் வருமாறு வேண்டுகிறோம். ஈசிஜி எடுப்பவர் யார், ஊசி எந்த அலமாரியில், டிஃபிப்ரிலேட்டரில் கடைசிச் சோதனை எந்தத் தேதி என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்