எங்கல்பெர்க்கில் எங்களை இரண்டு மணி நேரம் இறக்கிவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அட்டவணையில் சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலைக்கு ஒதுக்கும் நாள் எப்படிப் போகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. காலையில் பேருந்து, கேபிள் கார், பனியில் புகைப்படம், சாப்பாடு, மறுபடி பேருந்து. அந்த மலையின் அடியில் எங்கல்பெர்க் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே எங்களை இரண்டு மணி நேரம் இறக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரண்டு கோடைக்கு முன், மே மாதத்தில், என் அம்மாவை இப்படியொரு குழுவில் கூட்டிப்போனேன். அவருக்கு அப்போது 69 வயது. போடிக்காரர், நாற்பது வருடம் மாடு வைத்துப் பிழைத்தவர். எங்கள் தொழுவில் நின்ற தவிட்டு நிறக் கலப்பின மாட்டை ஊரில் 'சுவிஸ் மாடு' என்பார்கள். மலைக்கு மேலே, மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டியில் 1963-இல் சுவிஸ் உதவியோடு கால்நடைத் திட்டம் தொடங்கினார்களே, அந்த வழியில் வந்த கலப்பு. அந்தப் பாலை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். சுவிட்சர்லாந்து போகிறோம் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்த மாட்ட அதோட ஊர்ல பாக்கலாமாடி?"

பள்ளத்தாக்குக்குள் பேருந்து திரும்பியதுமே பார்த்துவிட்டார். புல்வெளியில் பத்துப் பதினைந்து மாடுகள், கழுத்தில் பெரிய பெரிய மணிகள். "தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்தச் சொல்லுப்பா" என்று வழிகாட்டியிடம் கேட்டார்.

"டைம் இல்லம்மா."

கேபிள் கார் அடிவாரத்தில்தான் வண்டி நின்றது. சுமார் 1,000 மீட்டரிலிருந்து 3,020 மீட்டருக்கு அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில், 1992 முதல் ஓடும் அந்தச் சுழலும் பெட்டியிலேயே அம்மாவுக்குத் தலை கிறுகிறுத்தது. மேலே ஒரு பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தவர்தான். கீழே கூட்டிப்போகிறேன் என்றேன். குழுவோடுதான் இறங்கலாம், எல்லார் சீட்டும் மொத்தமாக இருக்கிறது என்றார்கள். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அம்மா பனியைத் தொடவே இல்லை. இறங்கி வரும்போது அந்தப் புல்வெளி பேருந்தின் மறுபக்கம் போய்விட்டது; இரண்டு வரிசை தள்ளியிருந்தவர்களின் தலைகளுக்கு நடுவே எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் லூசெர்னில் ஒரு கைக்கடிகாரக் கடையில் எங்களை ஒன்றரை மணி நேரம் விட்டீர்கள். அதற்கு நேரம் இருந்தது.

போன செப்டம்பரில் வேலையாக சூரிக் போனவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக லூசெர்னிலிருந்து ரயிலேறினேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கல்பெர்க் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் 1120-இல் நிறுவிய, பெனடிக்ட் சபைக் கத்தோலிக்கத் துறவிகளின் மடம். 1729-இல் தீப்பிடித்த பிறகு கட்டியெழுப்பியதுதான் இப்போது நிற்பது. அதன் தேவாலயத்தில் 9,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் என்ற இசைக்கருவி இருக்கிறது. மடத்து வளாகத்திலேயே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள்; மணி வடிவத்தில் வார்த்து வைத்திருந்தார்கள். பால் திரிவதை அம்மா ஒரு மணி நேரம் நின்று பார்த்திருப்பார், கேள்வியும் கேட்டிருப்பார்.

கேபிள் கார் வழியில் பாதி மலையில் ட்ரூப்சே ஏரி. சுற்றிலும் சமதளப் பாதை, முட்டி வலிக்காரர்களும் நடக்கலாம். நம் பெட்டி அந்த நிலையத்தைத் தாண்டித்தான் மேலே போனது. இறங்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பனிச்சறுக்குத் தெரியாத நமக்கு அந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று யார் முடிவு செய்தது? ஒன்பது நாளில் ஏழு நாடு என்று போடுகிறீர்கள். பேருந்து ஜன்னல் வழியாகக் கடந்த ஊரையும் பார்த்த இடத்துக் கணக்கில் சேர்க்கிறீர்கள். ஓய்வூதியப் பணத்தையும் நகைச்சீட்டுப் பணத்தையும் கொண்டுவந்து கட்டுகிறவர்களை, நின்று ஒரு மாட்டைப் பார்க்க விடாமல் ஓட்டிக்கொண்டே போகிறீர்கள். கழிப்பறைக்குப் போகவும் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இது வாழ்நாளில் ஒருமுறை.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து நிறைய ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவது லேசான வேலை இல்லை என்று தெரியும். தயவுசெய்து டிட்லிஸ் நாளில் ஊருக்கென்று இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழேயே, ஊரிலேயே இருந்துகொள்ள வழி வையுங்கள். மேலே போய் முடியாமல் போனவர்கள் உடனே இறங்குவதற்கு அவரவர் சீட்டை அவரவர் கையில் கொடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது முட்டி அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது; இனி அவ்வளவு தூரம் வரமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று மாடுகளைப் படம் எடுத்து, மணிச்சத்தத்தோடு அனுப்பினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "மடி நல்லாருக்குடி. கிட்டப் போயி தடவிக் குடுத்தியா?" என்றார்.

அடுத்த கோடைக்கான அட்டவணையில் அந்த இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
போடியிலிருந்து ஒரு மகள்