இன்னும் பத்து ஆட்டம்

ஸ்காபரோ
24 செப்ரெம்பர் 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியமாமி அடுத்த கிழமை ஊருக்கு வருகிறா. அவவிடம் இந்தக் கடிதத்தையும், மருமகனுக்கு ஒரு நீலத் தொப்பியையும் கொடுத்து விடுகிறேன். தொப்பியில் இருக்கிற குருவி என்ன என்று அவன் கேட்பான். அதுதான் புளூ ஜேஸ், எங்கள் ரொறன்ரோவின் பேஸ்போல் அணி.

போனில் கதைக்கும்போது, "அங்கே என்ன, எல்லாருக்கும் பேஸ்போல் விசரா?" என்று கேட்டீர்கள். ஓம் அண்ணா, இந்த வருடம் அப்படித்தான். இது ஐஸ் ஹொக்கி ஊர். மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்ரான்லி கோப்பையைத் தொடவில்லை. ஆனாலும் பனிக்காலம் முழுக்க ஊர் அவர்களைப் பற்றித்தான் கதைக்கும். ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணி இந்த ஏப்ரலில் வாஷிங்ரனிடம் நான்கு ஆட்டத்தையும் தோற்று வெளியே போனது. புளூ ஜேஸ் 1992லும் 1993லும் வேர்ல்ட் சீரீஸ் என்கிற பேஸ்போல் இறுதித் தொடரை வென்றவர்கள். அதற்குப் பிறகு 21 வருடம் பிளேஓஃப் பக்கமே, அதாவது வருடக் கடைசியில் சிறந்த அணிகள் மட்டும் ஆடுகிற சுற்றுப் பக்கமே, போகவில்லை. வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் இவ்வளவு காலம் காத்திருக்கிற அணி வேறு இல்லை.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்தான் இந்த விளையாட்டைப் படித்தேன். அங்கே ஒரு அம்மா ஒவ்வொரு இரவும் வானொலியைப் போட்டுக்கொண்டு, யார் அடித்தது, யார் பிடித்தது என்று பென்சிலால் கட்டம் கட்டமாகக் குறிப்பா. ஜோ கார்ட்டர் 1993 ஒக்ரோபரில் கடைசிப் பந்தை வெளியே அடித்துக் கோப்பையை வென்றதை நேற்று நடந்ததுபோலச் சொல்லுவா. இரவுத் தேநீர் கொடுக்கப் போகிற நான் அப்படியே நின்று கேட்பேன். வருடத்தில் 162 ஆட்டம். ஏப்ரலில் இருந்து ஒக்ரோபர் வரை அநேகமாகத் தினமும் உண்டு. புதிதாக வந்து யாரையும் தெரியாமல் இருந்த நாட்களில், ஏழு மணி ஏழு நிமிடத்துக்கு வானொலியில் அந்தக் குரல் தொடங்கினால் எனக்கு வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். உங்களுக்கு அப்போது விடிய 4 மணி 37 நிமிடம்.

சரி, இந்த வருடக் கதைக்கு வருகிறேன். ஜூலைக் கடைசியில் எங்களுக்கு 50 வெற்றி, 51 தோல்வி. எங்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்த நியூயோர்க் யாங்கீஸ் எட்டு ஆட்டம் முன்னுக்கு நின்றது. ஊரில் பாதிப்பேர் இந்த வருடமும் போய்விட்டது என்றார்கள். அப்போது பொது மேலாளர் அலெக்ஸ் அந்தப்புலஸ் ஒரே கிழமைக்குள் ட்ரொய் ருலோவிற்ஸ்கி, பந்தெறிபவர் டேவிட் பிரைஸ், பென் ரெவியர் மூவரையும் வேறு அணிகளில் இருந்து கொண்டு வந்தார். பிரைஸுக்காக மூன்று இளம் பந்தெறிபவர்களை டெற்ரோயிற்றுக்குக் கொடுத்தார். பிரைஸின் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது, சில மாதத்துக்காக மூன்று பிள்ளைகளைக் கொடுப்பதா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. 21 வருடம் காத்திருந்த ஊருக்கு இன்னுமொரு ஐந்து வருடம் பொறு என்று சொல்ல முடியாது. ஓகஸ்ட் 3, விடுமுறைத் திங்கட்கிழமை, பிரைஸ் முதல்முறையாக இங்கே எறிந்தார். ஒரு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எட்டை எறிந்து, 11 பேரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார், அதைத்தான் ஸ்ரைக்அவுட் என்பார்கள். அன்றைக்கு மாலை மார்க்கம் வீதித் தமிழ்க் கடைகளில்கூட அதே கதைதான். அந்த 50-51க்குப் பிறகு 37 வெற்றி, 14 தோல்வி.

அடிக்கிறவர்களைப் பற்றிக் கேட்டால் பக்கம் காணாது. டொனால்ட்சன், பட்டிஸ்ரா, என்கர்னசியோன் மூவருமே முப்பதுக்கு மேல் ஹோம் ரன், அது கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. எல்லா அணிகளையும் விட அதிக ஓட்டம் எங்களுடையது. ஓகஸ்ட் 29 அன்று என்கர்னசியோன் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவதுக்குச் சனம் தொப்பிகளைக் கழற்றி மைதானத்துக்குள் எறிந்தது. ஹொக்கியில் ஒருவர் மூன்று கோல் போட்டால் செய்கிற வழக்கம் அது. மைதானம் முழுக்கத் தொப்பி கிடந்தது. ஹொக்கி ஊர் பேஸ்போலைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அண்ணா, நான் நம்புவது மட்டையை அல்ல, பந்தை. ஒக்ரோபரில் எதிரணியும் தன் சிறந்த பந்தெறிபவரைத்தான் இறக்கும். அப்போது பத்து ஓட்டம் வராது, மூன்று நான்குதான் வரும். அதனால் மார்க்கஸ் ஸ்ட்ரோமன் திரும்பி வந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 5 அடி 8 அங்குலம்தான் உயரம். மார்ச் மாதப் பயிற்சியில் முழங்காலின் சவ்வு கிழிந்து, இந்த வருடம் விளையாடவே மாட்டார் என்றார்கள். அவர் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய், காலுக்குப் பயிற்சி செய்தபடியே மிச்சமிருந்த பட்டப்படிப்பையும் முடித்தார். செப்ரெம்பர் 12 அன்று திரும்பி வந்து எறிந்ததே நியூயோர்க்கில், யாங்கீஸுக்கு எதிராக. மருமகனுக்கு இந்தக் கதையை மறக்காமல் சொல்லுங்கள்.

அதே நாள் ருலோவிற்ஸ்கிக்கு, எங்கள் அணியின் கெவின் பில்லரோடு மோதித் தோள்பட்டை எலும்பில் வெடிப்பு வந்துவிட்டது. அவர் பிளேஓஃபுக்கு வருவாரா என்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய கவலை.

இந்தக் கிழமை யாங்கீஸ் இங்கே வந்தது. திங்கள் பிரைஸ் எறிந்தார், 4-2 என்று வென்றோம். செவ்வாய் பத்தாவது இன்னிங்ஸில் 6-4 என்று தோற்றோம், அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நேற்று ஸ்ட்ரோமன் ஏழு இன்னிங்ஸுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. மறுபக்கமும் பூச்சியம்தான். ஏழாவது இன்னிங்ஸில் ரசல் மார்ட்டின் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். மார்ட்டின் இந்த ரொறன்ரோவில் பிறந்தவர், மொன்றியலில் வளர்ந்தவர். சொந்த ஊரில் பிறந்த பிள்ளை இப்படியொரு நாளில் அடிக்கிறதைப் பார்க்க எவ்வளவு சந்தோசம்! 4-0.

இப்போது நாங்கள் 87-65, யாங்கீஸ் 83-68. மூன்றரை ஆட்டம் முன்னுக்கு நிற்கிறோம். எங்களுக்கு இன்னும் பத்து ஆட்டம், அவர்களுக்குப் பதினொன்று. நாங்கள் பத்தில் ஆறு வென்றால், அவர்கள் பதினொன்றில் பத்து வென்றால்தான் சமமாக வரலாம். நாளை தொடங்கி இங்கே ரம்பா பே அணியுடன் மூன்று, பிறகு பால்டிமோரில் நான்கு, கடைசியாக ரம்பாவில் மூன்று. ரம்பா மைதானம் எங்களுக்குப் பல வருடமாகக் கைகொடுக்காத இடம். ஆகையால் பால்டிமோரிலேயே முடித்துவிட வேண்டும். முடிப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும், நான் சொன்னது நடந்ததா என்று பாருங்கள்.

பிளேஓஃப் நிச்சயம்தானே, ஏன் முதலிடத்துக்கு இவ்வளவு பதறுகிறாய் என்று கேட்பீர்கள். இரண்டாவதாக வந்தால் வைல்ட் கார்ட். ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் வீடு. 162 ஆட்டம் ஆடிய அணியை ஒரு இரவில் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேஸ்போலில் மிக நல்ல அணியும் பத்துக்கு நான்கு தோற்கும். ஒரு பந்தெறிபவருக்கு ஒரு நல்ல இரவு வாய்த்தால் எல்லாம் முடிந்துவிடும். பிரிவில் முதலாவதாக வந்தால் ஐந்து ஆட்டத் தொடர் கிடைக்கும். அதில் பிரைஸும் ஸ்ட்ரோமனும் எஸ்ட்ராடாவும் எறிந்தால் எவரையும் வெல்லலாம். மத்தியப் பிரிவில் கன்சாஸ் சிற்றி பலமான அணி, போன வருடம் வேர்ல்ட் சீரீஸ் வரை போனவர்கள். ஓகஸ்டில் இங்கே வந்தபோது டொனால்ட்சன் மேல் பந்தால் அடித்தார்கள், இரு பக்கமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அவர்களோடு மோத வேண்டிவரும் என்று என் மனம் சொல்கிறது.

மார்க் புவேர்லி பற்றியும் எழுத வேண்டும். 36 வயது. தொடர்ந்து 14 வருடம், வருடத்துக்கு 200 இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தவர். வேகம் கிடையாது, வீண் அலட்டல் கிடையாது. பந்து கைக்கு வந்ததும் அடுத்ததை எறிந்துவிடுவார். இந்த வருடத்தோடு நிறுத்துவார் என்று கதைக்கிறார்கள். போன மாதம் சங்கக்கார கொழும்பில் கடைசி ரெஸ்ற் ஆடியபோது நீங்கள் போனில் எப்படிக் கலங்கினீர்களோ, எனக்கு இவரை நினைத்தால் அப்படி வருகிறது. பிளேஓஃபுக்கான அணியில் அவருக்கு இடம் கிடைக்காமல் போகலாம். ஒரு இன்னிங்ஸாவது கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிளேஓஃப் தொடர் ஒக்ரோபர் 8இல் தொடங்குகிறது. ரிக்கெற் வாங்குவது எங்களால் முடியாத காரியம், விலை ஏறிவிட்டது. வேலை மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வீட்டில், கிடைக்காவிட்டால் இல்லத்து அம்மாவோடு வானொலியில்.

அண்ணியின் முழங்கால் வலிக்கு மருந்தும் மாமியிடம் கொடுத்து விடுகிறேன். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். கிணற்றடி மதில் வேலைக்கு எவ்வளவு குறைகிறது என்று அடுத்தமுறை போனில் சொல்லுங்கள், மாதக் கடைசியில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை