சிற்றூர்ச் சுழல் நிதிக்கு அரசின் பங்கை முன்தவணையாக விடுவிக்கவும், விதிகளைத் திருத்தவும் கோரும் மனு

அனுப்புநர்
சிற்றூர்ப் பொருளாதார மேம்பாட்டுக் குழுக்களின் நிர்வாகிகள்

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
ஊரக வளர்ச்சித் துறை

பொருள்: மக்கள் பங்களிப்புடன் தொழில் நிதி திரட்டும் சிற்றூர்களுக்கு அரசின் பங்குத் தொகையை விடுவிக்கும் முறையை மாற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிற்றூர்கள் தொழில் தொடங்கத் திரட்டும் தொகையோடு அரசும் தன் பங்கைச் சேர்ப்பது நல்ல ஏற்பாடு. அந்தத் தொகையை உயர்த்தித் தரும்படி இந்த மனுவில் நாங்கள் கேட்கவில்லை. பணம் எப்போது வருகிறது, எதற்குச் செலவிடலாம், திரும்பி வரும் பணம் யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் மாற்றித் தர வேண்டுகிறோம்.

வேலை முடிந்த பிறகு பணம் தரும் முறையில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது. ஊர் தன் பங்காக மூன்றில் ஒன்றைத் திரட்டியிருக்கும். அரசின் மூன்றில் இரண்டு, வேலை முடிந்து, அதன் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறி, பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பிறகு வரும். அதுவரை கைப்பணம் போட்டு வேலையை நடத்தும் வசதி ஒப்பந்ததாரருக்குத்தான் உண்டு. அவர் தன் வட்டியை மதிப்பீட்டிலேயே ஏற்றிவிடுவார். அடுத்த முறை ஊரின் பங்கையும் அவரே கட்டிவிடுவார். பங்களிப்புப் பதிவேட்டைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும்: ஐம்பது பெயர்களுக்கு எதிரே ஒரே பேனா மை, ஒரே தேதி, ஒரே அளவு தொகை; வங்கிப் புத்தகத்தில் விண்ணப்பத்துக்கு முந்தின நாள் ஒரே ஒரு வரவு. தன் காசு இல்லாத சொத்தை ஊர் காவல் காப்பதில்லை. மோட்டார் பழுதானால் அரசாங்கம் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

எனவே அரசின் பங்கில் 40 சதவீதத்தை ஊர்ப் பணம் வங்கியில் சேர்ந்ததும், இன்னொரு 40 சதவீதத்தை முதல் தவணையின் கணக்கு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்டதும், மீதி 20 சதவீதத்தைத் தணிக்கைக்குப் பிறகும் விடுவிக்க வேண்டும். திரண்ட மொத்தத் தொகையைவிட, எத்தனை குடும்பங்கள் போட்டன என்பதையே தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஊரில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் ரசீதோடு பணம் போட்டிருக்க வேண்டும். வரவு குறைந்தது மூன்று மாதங்களில் பரவியிருக்க வேண்டும். எந்த ஒருவரின் பணமும் மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றையும் வங்கிக் கணக்கு அறிக்கையை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

எல்லா ஊருக்கும் ஒரே விகிதம் வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. மெக்சிகோவில் வெளிநாடு போனவர்கள் சொந்த ஊருக்கு அனுப்பும் ஒவ்வொரு பெசோவுக்கும் நகராட்சி, மாநிலம், மத்திய அரசு ஆகிய மூன்றும் ஆளுக்கொரு பெசோ சேர்த்த திட்டம் 2002 முதல் நாடு முழுவதும் நடந்தது. சாலை, குடிநீர் என்று அதனால் விளைந்த பயன் உண்மை. ஆனாலும் ஆட்களை வெளியே அனுப்ப வசதி இருந்த, ஏற்கெனவே சங்கம் அமைத்திருந்த ஊர்களே அந்தப் பணத்தை அதிகம் ஈர்த்தன. பரம ஏழை ஊர்கள் பின்தங்கின. அதைத் தவிர்க்க விகிதத்தைப் படிநிலையாக வையுங்கள்: சாதாரண ஊருக்கு ஒன்றுக்கு ஒன்று, மிகவும் பின்தங்கிய ஊருக்கு ஒன்றுக்கு நான்கு. உழைப்பையும் பங்களிப்பாக ஏற்கலாம். கூலியை அரசின் விலை விகிதப் பட்டியலின்படி கணக்கிட்டு, வருகைப் பதிவை வேலையிடத்திலேயே அன்றன்று எழுத வேண்டும். வார முடிவில் மொத்தமாக எழுதும் பதிவேட்டில்தான் வராதவர் பெயர் நுழையும். ஊர்ப் பங்கில் பாதிக்கு மேல் உழைப்பாக ஏற்க வேண்டாம். இயந்திரத்துக்கும் மின் இணைப்புக்கும் ரொக்கம்தான் தேவை.

அடுத்து, நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் கையில் இருக்க வேண்டிய பணம். எங்கள் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாததும் அதிகம் சேதம் செய்வதும் இதுதான். நிலையான சொத்துக்கு மட்டும் நிதி என்ற விதியால் கட்டடம் எழும்பும், இயந்திரம் வந்து இறங்கும், பிறகு பூட்டு தொங்கும். ஆண்டுக்கு 120 சுமை விளைபொருளைப் பதப்படுத்தும் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை மூன்று மாதம் என்றால் மாதம் 40 சுமை வாங்கியாக வேண்டும். விற்பனையோ ஆண்டு முழுவதும் மாதம் 10 சுமைதான். மூன்றாம் மாத முடிவில் 90 சுமை கிடங்கில் இருக்கும். ஆண்டுக் கொள்முதல் பணத்தில் முக்கால் பங்கு அங்கே முடங்கிவிடும். வாங்குபவர் ஒரு மாதக் கடன் கேட்டால் முடக்கம் இன்னும் ஏறும். இந்தப் பணம் கையில் இல்லையென்றால் கூடத்தின் உறுப்பினர்களே களத்துமேட்டில் ரொக்கம் தரும் வியாபாரிக்கு விற்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை இல்லாத கூடம் மின்சாரத்தின் நிலைக் கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாமல் நிற்கும். ஆகவே ஒப்புதல் தொகையில் 30 சதவீதம் வரை நடைமுறை மூலதனமாக வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். கிடங்கு இருப்பை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெறவும் துறை பரிந்துரைக்க வேண்டும். மாத வாரியான வரவு செலவு ஓட்டக் கணக்கு இணைக்காத திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கடனாகக் கொடுத்து, திரும்பி வந்ததை மறுபடி கடனாகக் கொடுக்கும் சுழல் நிதிக்குக் குறைந்த வட்டியை மேலிருந்தே நிர்ணயிப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படுவதுதான். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. நிதி 100 என்றால் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 80 கடனில் இருக்கும், 20 வங்கியில் காத்திருக்கும். கணக்கர் ஊதியம், தணிக்கை, பயணம் சேர்த்து ஆண்டுக்கு 3 போகும். கடனில் 5 சதவீதம் வாராக்கடன் ஆனால் இன்னொரு 4 போகும். 6 சதவீத வட்டியில் வருவது 4.8 மட்டுமே, ஆண்டுதோறும் 2.2 தேயும். பத்தாண்டில் 100 என்பது ஏறக்குறைய 78 ஆகிவிடும், விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலே. அதே நிதியில் வாராக்கடனை 1 சதவீதமாகக் குறைத்தால் 9 சதவீத வட்டியிலேயே 3.4 மிஞ்சும். ஏழைக்கு வட்டியைக் குறைக்க நேரான வழி, வசூலைக் கவனிக்கும் கணக்கருக்குச் சம்பளம் தருவது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு அந்தச் செலவைத் துறை ஏற்க வேண்டுகிறோம்.

வட்டியைக் குறையும் நிலுவையின் மீதே கணக்கிட வேண்டும் என்றும் ஆணையில் எழுதுங்கள். 12 மாதத் தவணைக் கடனில் முழு அசலுக்கும் 12 சதவீதம் என்று பிடித்தால், உண்மையில் கடனாளி கட்டுவது ஏறத்தாழ 21.5 சதவீதம்.

வசூல் சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு நிதியின் நலத்தை மதிப்பிடுவதும் ஏமாற்றும். இந்த மாதத் தவணை வந்ததா என்பதையே அது காட்டும்; பழைய பாக்கியை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தாலும் எண் அழகாக நிற்கும். 30 நாளுக்கு மேல் ஒரு தவணையாவது பாக்கி வைத்தவர்களின் முழு நிலுவையையும் கூட்டி, மொத்த நிலுவையால் வகுத்துப் பார்க்க வேண்டும். அது 10 சதவீதத்தைத் தாண்டினால் புதுக் கடனை நிறுத்த வேண்டும் என்பது விதியாகட்டும். கடன் தள்ளுபடி வரும் என்ற பேச்சு எழுந்தாலே கட்டக்கூடியவரும் நிறுத்திவிடுவார். ஊர் நிதிக்குத் தள்ளுபடி பொருந்தாது. அறிவித்தால் அந்தத் தொகையை அதே காலாண்டில் அரசே நிதிக்கு ஈடு செய்யும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

ஒரே பயிரை நம்பும் ஊரில் மழை பொய்த்தால் எல்லாக் கடனும் ஒரே பருவத்தில் நின்றுபோகும். ஜெர்மனியில் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் முன்னோடியான ரைஃபைசன் 1864-ல் ஹெடெஸ்டோர்ஃபில் கடன் சங்கம் தொடங்கி, 1872-லேயே சங்கங்களை இணைக்கும் மத்திய வங்கியை நொய்வீடில் அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த சிறு சங்கத்தில் கடனாளியை எடைபோடுவது எளிது. பரந்த பரப்பின் அதிர்ச்சியைத் தாங்குவது கடினம். இரண்டும் வேண்டும். 10 முதல் 15 ஊர்களுக்கு ஒரு பொதுக் காப்பு நிதி அமைத்து, ஒவ்வொரு ஊரின் வட்டி வரவிலும் பத்தில் ஒன்றை அதில் சேர்க்க ஆணையிடுங்கள். பயிரும் நீராதாரமும் வேறுபட்ட ஊர்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் அது பயன்படும்.

வங்கிக் கிளை தொலைவில் உள்ள இடங்களில், 1991-ல் நைஜரில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்த சேமிப்புக் குழு முறையை அரசுப் பங்குக்குத் தகுதி பெறும் வழியாக ஏற்கலாம். 15 முதல் 25 பேர், மூன்று பூட்டுப் பெட்டி. சாவிகள் மூவரிடம், பெட்டி நான்காமவரிடம். எல்லோர் முன்னிலையிலும் எண்ணிய பிறகே பெட்டி மூடப்படும். ஏறத்தாழ ஓராண்டு முடிவில் சேமிப்பும் வட்டியும் பங்குக்கேற்பப் பிரித்துத் தரப்படும். இரண்டு சுற்றுகளை ஒழுங்காக முடித்த குழுவை அரசுப் பங்குக்குத் தகுதியானதாகக் கருதலாம்.

நிதியாண்டு முடிவில் செலவாகாத தொகை காலாவதியாகும் விதியிலிருந்து இந்தக் கணக்குகளுக்கு விலக்கு வேண்டும். கடைசி மாதத்தில் வரும் பணம், மும்முனை மின்சாரம் இல்லாத ஊருக்கு மும்முனை இயந்திரத்தை வாங்க வைக்கிறது. அதுபோல் திரும்பி வரும் அசல், துறைக் கணக்குக்குப் போகாமல் ஊர்க் கணக்கிலேயே நின்று மறுபடி கடனாகச் சுழல வேண்டும்.

இவற்றை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடைமுறைப்படுத்தக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுத் தணிக்கையை முடித்து, பாக்கி விகிதம் 10 சதவீதத்துக்குள் இருக்கும் குழுக்களில் தொடங்குங்கள். அடுத்த நிதியாண்டின் வழிகாட்டு நெறிமுறை வெளியாகும் முன், அதன் வரைவைக் குழுக்களின் கணக்கர்களுக்கு அனுப்பி 30 நாள் கருத்துக் கேட்கவும், மேற்கண்ட கணக்குகளை ஆவணங்களோடு நேரில் விளக்க எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தரவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்
சிற்றூர்ப் பொருளாதார மேம்பாட்டுக் குழுக்கள்